வீட்டு உறுதி அலமாரியிலேயே இருக்கட்டும்

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க அவளோடு வந்திருந்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்கு இசட் புள்ளி கொஞ்சம் போதவில்லை. தாய்க்கு அழுகை அடங்கவில்லை. நானும் ஆறுதல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "லண்டன் சித்தப்பா வெளிநாட்டில மெடிசின் படிப்பிக்கச் சொல்றார், வீட்டை ஈடு வைக்கலாம்" என்று தகப்பன் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

கடனைச் சித்தப்பாவா கட்டப்போகிறார்? ஐந்தாறு வருடக் கட்டணம், திரும்பி வந்ததும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை, பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பு. இவ்வளவு பேச்சிலும் பிள்ளை வாயில் 'டொக்டர்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

அவள் போனில் காட்டியது கல்கிசைக் கடற்கரை நண்டுப் படங்கள். "சேர், இதுக்குக் கண்ணுக்கு மேல கொம்பு, இதுக்கு இல்லை."

எந்த இனம் என்று சொல்லக் கொம்பு மட்டும் போதாது என்றேன். வளை தோண்டும் இந்த நண்டுகள் ஒசிபோடே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு கூட்டம். குஞ்சுகளுக்குக் கொம்பு முளைத்திருக்காது. பெரிய இடுக்கியின் உட்புறத்தில் ஒலி எழுப்பும் வரிமேடுகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கோர்டிமானஸ் என்ற இனத்துக்கு அவை இல்லை. அலை வழியும் ஈரமணலில் பின்பக்கமாகப் புதையும் முட்டை வடிவ எமெரிட்டாவோ உண்மையான நண்டே அல்ல, சங்குக்குள் வாழும் துறவி நண்டின் உறவு. உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767இல் எமெரிட்டா இனம் ஒன்றை 'கான்சர்' பேரினத்தில் வைத்தார், 1777இல் ஸ்கோபோலி என்ற ஆய்வாளர் 'எமெரிட்டா' பேரினத்தை அமைத்தார். இனம் அங்கே மாறியதால், இன்று அந்த இனப் பெயருக்குப் பின்னால் லின்னேயஸின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன. பேரினங்களைச் சேர்த்த விலங்குக் குடும்பத்தின் பெயர் 'இடே' என்று முடிய வேண்டும்; புதிய இனத்தின் பெயருக்கு அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரி உடல் சாட்சியாக இருக்க வேண்டும். 2002இல்கூட பாய்கோ என்ற ஆய்வாளர் அல்புனெய்டே என்ற மணல் நண்டுக் குடும்பத்தைப் பிரித்து பிளெஃபாரிபோடிடே என்று புதுக் குடும்பம் வைத்தார். பெயர் வைக்கும் வேலை முடிந்துவிடவில்லை.

தாய் கேட்டார்: "நண்டுக்குப் பேர் வைச்சா சோறு கிடைக்குமா?" நியாயமான கேள்வி. வகைப்பாட்டியலாளர் என்ற பெயரில் விளம்பரம் அரிதாகத்தான் வரும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் எந்த உயிர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், கரையோரக் கட்டுமானங்களுக்கான சூழல் மதிப்பீட்டுக்கும் மீன்வள ஆய்வுக்கும் வேண்டும். கடல்வள ஆய்வு நிறுவனமான நாராவே மட்டக்குளியில் காக்கைத்தீவில்தான் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணம். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் படிக்கக் கல்விக் கட்டணம் இல்லை. கிடைத்தால் மஹாபொல புலமைப்பரிசிலும் சேரும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: நண்டைப் பிடிக்காமல், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடு, இடுக்கி, கண், வளை வாய் மூன்றையும் கொப்பியில் வரை.

பெற்றோருக்கு: அடுத்த சனிக்கிழமை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு வாருங்கள், விருப்ப வரிசையை அவளே எழுதட்டும். சித்தப்பா கோல் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள்.