குடும்பத்தைப் பற்றிப் படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?

நாகர்கோவிலில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மனையியலில் சேர்ந்து, பிறகு மனித மேம்பாடும் குடும்ப உறவுகளும் மேற்படிப்பாகப் படிக்க வேண்டும் என்கிறாள்; வீட்டில் இருந்தே தெரிந்துகொள்ளும் விஷயத்துக்கு ஐந்து வருடம் ஏன் செலவழிக்க வேண்டும், படித்தால் வேலை கிடைக்குமா?

நானும் உங்கள் மாவட்டம்தான். இதே படிப்பைக் கோவையில் படித்தேன். இன்று குடும்ப நல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியை என் அப்பாவும் கேட்டார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் வீட்டில் நாம் எப்போதும் ஒரு கட்சி. அம்மா பக்கமோ அப்பா பக்கமோ, சொத்துப் பாகத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றுகொண்டுதான் பார்க்கிறோம். கல்லூரியில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்று பார்ப்பது.

முதல் செய்முறை வகுப்பு ஒரு மழலையர் பள்ளியில். பத்து நிமிடம் ஒரு குழந்தையைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். "குழந்தை கோபப்பட்டது" என்று எழுதினேன். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "கோபத்தை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். நான் பார்த்தது, மூன்று வயதுப் பையன் கையிலிருந்த மரக்கட்டையைத் தரையில் எறிந்ததையும், வாசலைத் திரும்பிப் பார்த்ததையும்தான். அவனுடைய அம்மா அப்போதுதான் கேட்டைத் தாண்டிப் போயிருந்தார். அது கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை இன்னொரு பக்கம் எழுதிப் பழகவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. இன்று கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து "இவர் என்னை மதிக்கிறதே இல்லை" என்று சொல்லும்போது, "கடைசியாக எப்போது, என்ன நடந்தது?" என்று கேட்கிறேன். அந்தச் சிவப்பு மைதான் என்னைக் கேட்க வைக்கிறது.

அப்புறம், குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு, தீராத சண்டை என்றால் நெளிகோடு. குறைந்தது மூன்று தலைமுறைக்குப் போட வேண்டும். விடுமுறைக்கு வந்தபோது ஆச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். "எதுக்கு மக்ளே, செத்தவங்களையெல்லாம் எழுதுக?" என்று கேட்டாலும், ஒரு பெயர்கூட விடாமல் சொன்னாள். மூன்று தலைமுறை ஐந்தாகி, தாளோடு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக் கல்யாணத்துக்கு யாரும் போக மாட்டோம். அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஏன் என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். அன்றைக்குத்தான் ஆச்சி முழுவதும் சொன்னாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டியின் கணவர் இறந்ததும், வயலெல்லாம் அவருடைய அக்கா மகனுக்குப் போயிற்று. பாட்டி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அந்த அக்கா மகனின் வாரிசுகள்தான் பூதப்பாண்டிக்காரர்கள். வரைபடத்தில் அந்த நெளிகோடு மேலிருந்து கீழே என் பெயர் வரை இறங்கி வந்தது.

அது நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்குக் கிடைப்பது உகந்துடைமை என்ற சிறு பங்குதான். இதனால் பெண்கள் பட்ட பாட்டைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்து மருமக்கள் வழி மான்மியம் எழுதினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு கொண்டுவந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. எங்கள் பாட்டியின் கதை அதற்குச் சில வருடங்கள் முந்தியது. இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ அவன் மேல தப்பு இல்லேங்கியா?"

"அவருக்கும் அதுதான் முறைன்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க, ஆச்சி."

அதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் வலி அவளுக்கு உண்மை, நானும் மேலே வாதாடவில்லை. ஆனால் நான் அந்த வெறுப்பை இறக்கி வைத்துவிட்டேன். நாலு தலைமுறையாக ஆட்களின் குணம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது ஒரு சொத்துரிமை முறையின் விளைவு என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

பாடப் புத்தகம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது, அதையும் உங்கள் மகள் தெரிந்துகொண்டே போகட்டும். எவலின் டுவால் என்ற அமெரிக்க ஆய்வாளர் குடும்ப வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்: புதுமணத் தம்பதி, கைக்குழந்தை, பள்ளிப் பருவம் என்று முதுமை வரை. எல்லாக் கட்டத்திலும் அப்பா வீட்டில் இருப்பார் என்பது அதில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. நம் மாவட்டத்திலோ கல்யாணமான இரண்டாம் மாதம் விசா வந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! என் ஆய்வேட்டுக்காக மார்த்தாண்டம் பக்கத்தில் சில வளைகுடா வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் அப்பா இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். பெரிய மகன் ஹாலைக் கடந்து, நாற்காலியில் இருந்த அப்பாவைத் தாண்டி, அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, கிரவுண்டுக்குப் போட்டுமா?" என்று கேட்டான். பழக்கம்தான், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார், திரும்ப விரித்தார். "போ" என்று யார் சொல்வது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கணவன் மனைவிக்கு இடையில் அன்புக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு விடுப்பிலும் வீட்டின் பொறுப்புகளைப் புதிதாகப் பங்கு பிரிக்க வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று வீடே தெளிவில்லாமல் தவிப்பதைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1970களில் ஆராய்ந்தார். வியட்நாம் போரில் காணாமல் போனவர்களின் மனைவியரோடு பேசி, அதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். வகுப்பில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது.

தன்னார்வலர்களோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் சில படகுகள் கரை சேர்ந்த செய்தி வந்துகொண்டிருந்ததால் யாராலும் நம்பிக்கையை விட முடியவில்லை. ஒரு பெண்ணிடம் உறவினர்கள், "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் அழவில்லை என்பதை ஒரு குறையாகவே பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவர் வருவார் என்றும் நினைக்கலாம், வரமாட்டார் என்றும் நினைக்கலாம், ஒரே நாளில் இரண்டையும் நினைக்கலாம், அது தப்பே இல்லை" என்று மட்டும் சொன்னேன். பாஸின் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். பின்னாளில் அந்தக் குடும்பத்துக்கு வரைபடம் போட்டபோது, அவருடைய கணவரின் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட என்னால் முடியவில்லை. வெறும் சதுரமாகவே விட்டேன்.

வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே ஆலோசகருக்கு இடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமானால் நெட் தேர்வில் மனையியல் தனிப் பாடம். பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில்தான், சம்பளமும் பெரிதில்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று, இது மருத்துவ உளவியல் படிப்பு கிடையாது. அதற்குத் தனிப் படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். மகளுக்கு அதில்தான் ஆசை என்றால் இப்போதே வழி மாற்றுங்கள்.

கல்லூரி என்றால், 1957இல் தொடங்கிய கோவை அவினாசிலிங்கம் இந்தத் துறைக்கென்றே பெயர் பெற்றது. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி என்ற பெயரில் இருக்கிறது. எங்கே சேர்த்தாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். உணவியலும் துணியியலும் மட்டுமே நிறைந்திருந்தால் மகள் தேடுவது அங்கே கிடைக்காது. மழலையர் பள்ளிச் செய்முறை, களப்பணி, ஆலோசனைப் பயிற்சி மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாளோடு உட்காரச் சொல்லுங்கள். சதுரமும் வட்டமும் போடத் தெரிந்தால் போதும். பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள். பாதி வரைந்த பிறகுதான் ஆச்சிமார் உண்மையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். முடிந்தால் நீங்களும் கூடவே உட்காருங்கள்.