சின்ன பேண்ட் கச்சேரிகளுக்குக் குறைந்த செலவில் மேடை விளக்கு அமைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஐந்து பேர் சேர்ந்த பேண்ட், கோவையில் கஃபே, கல்லூரி அரங்கம், எப்போதாவது ஒரு கல்யாண வரவேற்பு. கையில் இருப்பது 30,000 ரூபாய். கடைக்காரர் இரண்டு மூவிங் ஹெட் (தானே திரும்பிச் சுழலும் விளக்கு), ஒரு ஸ்மோக் மெஷின், ஒரு லேசர் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்கலாமா?

வேண்டாம். முதல் செலவு பாடுகிறவரின் முகத்துக்கு விழும் வெளிச்சமாக இருக்கட்டும். நான் ஒரு பேண்டில் கீபோர்டு வாசிக்கிறேன், விளக்குப் பொறுப்பும் என்னுடையதுதான். சின்ன மேடைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். பின்னால் சிவப்பும் நீலமும் பச்சையும் சுற்றிச் சுற்றி வரும், பாடகரின் முகம் மட்டும் இருட்டில் இருக்கும். கூட்டத்துக்குக் கண்ணும் வாயும் தெரியவில்லை என்றால் பாட்டின் பாதி அவர்களிடம் போய்ச் சேராது. முகம் நன்றாகத் தெரிந்துவிட்டால் பின்னணியில் ஒரே ஒரு நிறம் இருந்தாலும் மேடை நிறைவாகத்தான் இருக்கும்.

மூவிங் ஹெட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதன் அழகு காற்றில் தெரியும் ஒளிக்கற்றையில்தான் இருக்கிறது. காற்றில் புகையோ ஹேஸோ (மெல்லிய மூட்டம்) இல்லாவிட்டால் கற்றை தெரியாது, சுவரில் ஒரு வட்டம் ஓடுவது மட்டும்தான் தெரியும். கஃபே மாதிரி தாழ்வான கூரை உள்ள இடத்தில் அந்த வட்டம் முன்வரிசையில் இருப்பவரின் கண்ணில் போய் அடிக்கும். ஏசி அறையில் புகை போட்டால் பத்து நிமிடத்தில் இருமல் ஆரம்பித்துவிடும், ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் அலாரமும் அடிக்கும். லேசரைத் தொடவே தொடாதீர்கள். மலிவான லேசர்களில் எழுதியிருக்கும் சக்தியை நம்ப முடியாது. நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்து, கேமரா சென்சாரையும் அது கெடுத்துவிடும்.

சரி, என்ன வாங்கலாம்?

முன் வெளிச்சத்துக்கு இரண்டு சிஓபி பார் லைட். பார் (PAR) என்பது டப்பா வடிவ மேடை விளக்கு. சிஓபி என்றால் பல சின்ன எல்இடிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே மஞ்சள் தகடாக இருக்குமே, அது. 100 அல்லது 200 வாட்டில், வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் வெள்ளை) அல்லது வார்மும் கூலும் (நீலச் சாயல் வெள்ளை) கலந்தது என்று கேளுங்கள். 3,000 - 3,200 கெல்வின் அளவுள்ள வார்ம் ஒயிட் நம் தோல் நிறத்துக்கு மிக நன்றாக இருக்கும். கூல் ஒயிட் மாநிற முகத்தைச் சாம்பல் பூத்தது போலக் காட்டும்.

கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது 54 எல்இடி உள்ள பார். ஒவ்வொன்றும் 3 வாட் என்று போட்டிருப்பார்கள். பின்னணி நிறத்துக்கு அது போதும், முகத்துக்கு ஆகாது. காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், முன்பக்கக் கண்ணாடியில் எல்இடிகளை எண்ணுங்கள். பல மாடல்களில் சிவப்பு 12, பச்சை 18, நீலம் 18, வெள்ளை வெறும் 6. அதாவது வெள்ளைக்கு அதிகபட்சம் 18 வாட்தான். வெள்ளை போதவில்லை என்று மூன்று நிறத்தையும் ஏற்றிக் கலந்தால், ஒவ்வொரு நிறமும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதால் மைக் ஸ்டாண்டின் நிழல் சுவரில் மூன்று நிறத்தில் விழும். ஒரே எல்இடிக்குள் நான்கு நிறமும் உள்ள ‘ஃபோர் இன் ஒன்’ பார் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நிறம் சுத்தமாகக் கலக்கும். பின்னணிக்கு நான்கு பார் வேண்டும், அதில் இரண்டையாவது அப்படி வாங்க முடிந்தால் நல்லது.

விலை ஏறக்குறைய இப்படி வரும்: சிஓபி ஒன்று 5,000 ரூபாய், 54 எல்இடி பார் ஒன்று 2,000 முதல் 2,500, டி வடிவ ஸ்டாண்ட் ஒன்று 2,000, விளக்குகளை இயக்கும் சின்ன கன்ட்ரோலர் 3,500, மீதி கேபிளுக்கு. இரண்டு சிஓபி, நான்கு பார், இரண்டு ஸ்டாண்ட் என்று வைத்தால் உங்கள் 30,000-க்குள் அடங்கிவிடும். கடைக்குக் கடை விலை மாறும், பேரம் பேசுங்கள். பழையது கிடைத்தால் தயங்க வேண்டாம், ஆனால் எல்லா நிறத்தையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு சோதனை. முதலாவது, விளக்கை எரியவிட்டு அதன் ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். டிரம்ஸ் முழங்கும் கச்சேரியில் அது காதில் விழாது, ஆனால் அகூஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கும் பாட்டில் ஆறு ஃபேன் சேர்ந்து இரைந்தால் மைக் அதையும் எடுக்கும். ஃபேன் இல்லாத மாடல்களும் இருக்கின்றன. இரண்டாவது, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து வைத்துவிட்டு போன் கேமராவில் பாருங்கள். மலிவு எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைப்பதே வேகமாக அணைந்து அணைந்து எரிவதன் மூலம்தான். அந்த வேகம் போதாவிட்டால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். இன்றைக்கு உங்கள் அடுத்த நிகழ்ச்சியைப் பிடித்துத் தருவது யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோதான், அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எங்கே வைப்பது? இதில் காசு செலவே இல்லை, ஆனால் பலனில் பாதி இதில்தான் இருக்கிறது. இரண்டு சிஓபியையும் மேடைக்கு முன்னால் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று ஸ்டாண்டில் ஏற்றி, குறுக்காகத் திருப்புங்கள். இடது விளக்கு வலப்பக்கம் நிற்பவருக்கு, வலது விளக்கு இடப்பக்கம் நிற்பவருக்கு. பாடுபவர் நிற்கும் நடுவிடத்தில் இரண்டும் சேரும். மேலிருந்து 45 டிகிரி சாய்வு, பக்கவாட்டில் 45 டிகிரி என்பது பழைய நாடக மேடைக் கணக்கு, இன்றும் அது செல்லும். நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகத் தெரியும், பாடகருக்குக் கண் கூசும், அவர் நிழல் பின்சுவரில் பூதமாக நிற்கும். தலைக்கு நேர் மேலே வைத்தால் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். கூரை தாழ்வாக இருந்தால் ஸ்டாண்டை இன்னும் ஓரமாகத் தள்ளுங்கள். கண்ணாடி போட்டவர் இருந்தால் அவர் முகத்தில் விழும் விளக்கை மட்டும் சற்று உயர்த்துங்கள், கண்ணாடியில் தெரியும் பளபளப்பு போய்விடும்.

நிறப் பார்கள் நான்கில் இரண்டைத் தரையில், டிரம்ஸுக்குப் பின்னால், சுவரை நோக்கி மேலே திருப்பி வையுங்கள். சுவர் முழுக்க ஒரு நிறம் ஏறிவிடும். மற்ற இரண்டைப் பின் மூலைகளில் உயரமாக நிறுத்தி, வாசிப்பவர்களின் தலையிலும் தோளிலும் விழும்படி சாய்த்து வைக்க முடிந்தால் ஆட்கள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவார்கள். அவை கூட்டத்தின் கண்ணில் அடிக்காத கோணத்தில் இருக்க வேண்டும், அதை மட்டும் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

கல்யாண மண்டபத்திலும் கல்லூரியிலும் பின்னால் பெரிய வெள்ளை ஃப்ளெக்ஸ் பேனர் இருக்கும். முன் வெளிச்சம் அதில் பட்டால் மேடையிலேயே பளிச்சென்று தெரிவது பேனர்தான், ஆட்கள் அதற்கு முன்னால் கறுத்துப் போவார்கள். இதற்கு இடம்தான் மருந்து. பேண்டை ஃப்ளெக்ஸிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், விளக்கின் சாய்வைக் கூட்டி வெளிச்சம் தரையில் முடியும்படி செய்யுங்கள். அமைப்பாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டிரம்ஸ் கட்டிய பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: ஒரு பாட்டுக்கு ஒரு நிறம், மிஞ்சிப் போனால் இரண்டு. மெலடிக்கு ஆம்பர் பின்னணி, சோகத்துக்கு அடர் நீலம், குத்துப் பாட்டுக்கு சிவப்பும் ஆம்பரும். பச்சையை முகத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள். வெறும் சிவப்பையோ வெறும் நீலத்தையோ முகத்தில் விட்டால் நேரில் பரவாயில்லை என்று தோன்றும், போன் கேமராவில் மூக்கும் கன்னமும் இல்லாத ஒரே திட்டாகிவிடும். அந்த நிறம் வேண்டும் என்றால் வார்ம் ஒயிட்டைக் குறைந்த அளவிலாவது எரியவிடுங்கள். அப்புறம், பெரும்பாலான பார்களில் ‘சவுண்ட் ஆக்டிவ்’ என்று ஒரு மோடு இருக்கும். விளக்குக்குள் இருக்கும் குட்டி மைக் சத்தத்தைக் கேட்டு நிறம் மாற்றும். டிரம்மர் ஹை-ஹாட்டைத் தொட்டாலும் நிறம் மாறும், கூட்டம் கைதட்டினாலும் மாறும். உங்கள் பாட்டின் தாளத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. அதை அணைத்து வையுங்கள்.

கட்டுப்படுத்த டிஎம்எக்ஸ் 512 என்ற முறைதான் பெரும்பாலான மேடை விளக்குகளில் இருக்கிறது. 1986-இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக்காரர்கள் வகுத்தது, ஒரு கேபிளில் 512 சேனல், அதாவது ஒரு நிறத்தையோ வெளிச்ச அளவையோ தனியாக ஏற்றி இறக்கும் 512 வழிகள். பேர்தான் பயமுறுத்தும், வேலை எளிது. கன்ட்ரோலரிலிருந்து முதல் விளக்குக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகக் கேபிளை இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒய் கேபிள் போட்டுப் பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கின் அவுட்டில் 2, 3-ஆம் பின்களுக்கு இடையே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த கனெக்டரைச் செருகினால், காரணமில்லாமல் விளக்குகள் சிமிட்டும் தொல்லை பெரும்பாலும் வராது. சென்னை வந்தால் ரிச்சி தெருவில் கனெக்டரும் ரெசிஸ்டரும் வாங்கி நீங்களே சால்டர் செய்துவிடலாம். மைக் கேபிள் குறைந்த தூரத்துக்கு ஓடும், ஆனால் டிஎம்எக்ஸுக்கு என்று விற்கும் கேபிளே சரியானது.

சந்தையில் அதிகம் கிடைக்கும் 192 சேனல் கன்ட்ரோலர் 12 விளக்குகளை எடுத்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல். அதனால் விளக்குகளில் முகவரியை, அதாவது ஒவ்வொன்றின் தொடக்க சேனலை, 1, 17, 33, 49 என்று வைக்க வேண்டும். உங்கள் விளக்கு 8 சேனல்தான் என்பதால் 1, 9, 17 என்று வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று பலர் தவிப்பார்கள். ஒரே மாதிரி எரிய வேண்டிய இடது, வலது ஜோடிக்கு ஒரே முகவரி கொடுத்துவிடுங்கள், பாதி வேலை குறையும். 240 காட்சிகளை, அதாவது எந்த விளக்கு எந்த நிறத்தில் என்ற அமைப்புகளை, சேமிக்கலாம், உங்களுக்குப் பத்து போதும்.

லேப்டாப் மேடையில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கன்ட்ரோலரே வேண்டாம். கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு யுஎஸ்பி டிஎம்எக்ஸ் கேபிளும் போதும். அது மிடியையும் (கீபோர்டு அனுப்பும் டிஜிட்டல் சிக்னல்) எடுத்துக்கொள்ளும், நான் கீபோர்டிலிருந்தே காட்சியை மாற்றுகிறேன். பல்லவியில் ஒன்று, சரணத்தில் ஒன்று, இடையிசைக்கு ஒன்று. விளக்குக்குத் தனி ஆள் இல்லாத பேண்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி மின்சாரம். பழைய பார் 64 ஹாலஜன் ஒன்றுக்கு 1,000 வாட். ஆறு வைத்தால் 26 ஆம்பியர், கஃபே தாங்காது. நான் சொன்ன ஆறு எல்இடியும் முழுதாக எரிந்தாலும் 1,000 வாட் பக்கம்தான், 230 வோல்ட்டில் நான்கரை ஆம்பியருக்குள் அடங்கும். ஆனாலும் அதை ஆம்ப்ளிஃபயர்களோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்க்காதீர்கள். விளக்குக்கு ஒரு சுவர் பாயிண்ட், சவுண்டுக்கு வேறு பாயிண்ட். ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கிட்டார் வாசிப்பவரின் விரல் கம்பியில் இருக்கும், உதடு மைக்கில் படும். எர்த் இல்லாத ஒரு கருவியில் கசிவு இருந்தால் அந்த மின்சாரம் அவர் உடல் வழியாகப் போகும். யார் சொன்னாலும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த ஒரு பாக்ஸை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டி, எல்லா நிகழ்ச்சிக்கும் கூடவே எடுத்துப் போங்கள். திறந்தவெளி என்றால் மழையையும் யோசியுங்கள், இந்த விலைப் பார்கள் நனையக் கூடாதவை.

ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சேஃப்டி செயின். குழந்தைகள் ஓடும் வரவேற்பில் ஸ்டாண்ட் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கேபிள் நடைபாதையைக் கடக்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள், அது மைக் கேபிள் என்றாலும் சரி.

உடனே வாங்க மனமில்லை என்றால் அடுத்த இரண்டு நிகழ்ச்சிக்கு உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸிலேயே வாடகைக்குக் கேளுங்கள். “முன்னால் வார்ம் ஒயிட் இரண்டு, பின்னால் கலர் பார் நான்கு, வேறு எதுவும் வேண்டாம்” என்று சொன்னால் போதும், அவர்களிடம் இது எப்போதும் இருக்கும். எந்த மாடல் உங்கள் முகங்களுக்கு நன்றாக இருந்தது என்று வீடியோவில் பார்த்துவிட்டு அதையே வாங்கலாம்.