போரில் தப்பியது, மெட்ரோ பள்ளத்தில் விழுந்தது

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பழைய ஆவணக் காப்பகம் அப்படியே மண்ணுக்குள் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். நிஜமா, இல்லை கட்டுக்கதையா? இரண்டாம் உலகப் போரிலா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நிஜம்தான், ஆனால் போரில் இல்லை. 2009 மார்ச் 3ஆம் தேதி, மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால், கொலோன் நகரத்தின் செவரின் தெருவில் இருந்த மாநகர ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்து, முன்னால் தோண்டி வைத்திருந்த சுரங்க ரயில் பள்ளத்துக்குள் விழுந்தது. பள்ளத்தில் தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்த தொழிலாளர்கள் மேலே ஓடிவந்து எச்சரித்ததால், உள்ளே இருந்த ஊழியர்களும் படிக்க வந்தவர்களும் தப்பினார்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த இரண்டு இளைஞர்கள் தப்பவில்லை.

காரணத்தைக் கேட்டால் வயிறு எரியும். இந்த மாதிரிப் பள்ளங்களுக்குப் பக்கச்சுவர் கட்ட, நிலத்தை ஆழமாகவும் குறுகலாகவும் வெட்டி அதில் கான்கிரீட் ஊற்றுவார்கள். 2005இல் அப்படி வெட்டும்போது ஓரிடத்தில் பாறை தடுத்திருக்கிறது, அதை எடுக்காமலே வேலையை முடித்துவிட்டார்கள். அங்கே கான்கிரீட் சேரவில்லை, சுவரில் ஓட்டை. நாலு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனதும் நிலத்தடி நீர் அந்த ஓட்டை வழியாக மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய, காப்பகத்துக்கு அடியில் இருந்த மண்ணே காலியாகிவிட்டது. குற்றவியல் விசாரணை தொடங்கவே 2018 ஆனது. 2020இல் கட்டுமான நிறுவனங்கள் மாநகராட்சிக்கு 600 மில்லியன் யூரோ கொடுப்பதாகச் சமரசம் ஆனது. மொத்த இழப்பு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இத்தனைக்கும் இது 1942 மே மாதக் கடைசியில் ஒரே இரவில் ஆயிரம் விமானங்கள் வந்து குண்டு போட்ட ஊர். காகிதங்களை முன்கூட்டியே வெளியூர்களுக்கு மாற்றி வைத்திருந்ததால் போரில் ஏறக்குறைய எதுவும் போகவில்லை.

கேள்வி: அப்படி என்னதான் இருந்தது அங்கே? பழைய ஃபைல்கள்தானே? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, சேலம்)

பதில்: ஃபைல்கள்தான், அலமாரிகளை வரிசையாக வைத்தால் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு! அதில் மிகப் பழையது 922ஆம் ஆண்டுச் சாசனம். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள், லட்சத்துக்கு மேல் வரைபடங்கள், அப்புறம் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஹைன்ரிஷ் பொல் விட்டுச் சென்ற காகிதங்கள், இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் கையெழுத்துப் பிரதிகள். அடனாவர் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமர் ஆவதற்கு முன்னால் இந்த ஊர் மேயராகத்தான் இருந்தார், அந்தக் காலத்துக் கோப்புகளும் இங்கேதான்.

ஆனால் என்னைக் கேட்டால் பிரபலங்களின் காகிதத்தைவிடப் பெரிய சொத்து, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கும் வீட்டுப் பதிவேடுகள். யார் வீட்டை யாருக்கு விற்றார், யாரிடம் அடமானம் வைத்தார் என்பதையெல்லாம் ஒவ்வொரு பகுதியிலும் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய வில்லங்கச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூதர்கள் வாழ்ந்த பகுதிக்கான பதிவேட்டில் ஹீப்ரு மொழிக் குறிப்புகளும் சேர்ந்து வரும். 1349இல் கொள்ளைநோய்ப் பீதியில் அந்த யூதர்களைக் கொன்று தெருவையே அழித்தார்கள். அந்தத் தெருவில் எந்த வீடு யாருடையது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் பெருமளவு இந்தப் பதிவேட்டால்தான்.

காப்பகம் எப்படி உருவானது என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் சாசனம் என்பது படித்து ரசிக்கிற பொருள் இல்லை, ஆயுதம். பேராயரோ அரசரோ ‘உங்களுக்கு இந்த உரிமை யார் கொடுத்தது?’ என்று கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும். 1396இல் பழைய பணக்காரக் குடும்பங்களிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிய வணிக, கைத்தொழில் சங்கத்தார், புதிய ஆட்சிமுறையை எழுதி, ஊர் முத்திரையும் 22 சங்கங்களின் முத்திரைகளும் தொங்கவிட்ட சாசனம் ஒன்றைச் செய்தார்கள். ஊர் அதன்படிதான் சுமார் 400 ஆண்டு நடந்தது. அதே ஆட்கள் 1407இல் நகர மன்றத்துக்குக் கோபுரம் கட்ட ஆரம்பித்து, அதற்குள் சாசனங்களைப் பத்திரப்படுத்த ஓர் அறையும் ஒதுக்கினார்கள். வரலாற்று ஆய்வாளர்களுக்கு என்று கதவு திறந்தது ரொம்பப் பின்னால், 19ஆம் நூற்றாண்டில். 1857இல்தான் முழுநேரக் காப்பக அலுவலர் வந்தார். 1971இல் கட்டியது நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடம். ஏசியை நம்பாமல், தடித்த சுவரையும் குறுகிய ஜன்னல் இடுக்குகளையும் வைத்தே உள்ளே வெப்பத்தைச் சமாளித்ததற்காகப் பல ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

கேள்வி: தண்ணீரில் நனைந்த காகிதத்தை ஃப்ரீசரில் வைத்தார்களாமே, இன்னும் கெட்டுப்போகாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வைக்காவிட்டால்தான் கெடும். ஈரக் காகிதத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மேலோட்டமாகச் சேற்றைக் கழுவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உறைய வைத்துவிட்டார்கள். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்தால், பனிக்கட்டி தண்ணீராக மாறாமல் நேரே ஆவியாகப் போய்விடும், மையும் கரையாது, பக்கமும் ஒட்டாது. நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கிடந்தவற்றை எடுத்து முடிக்க 2011 வரை ஆனது. சுமார் 95 சதவீதம் கிடைத்துவிட்டது என்கிறார்கள். கிடைத்தது என்றால் முழுசாக இல்லை, எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்றே தெரியாத துண்டுகளே லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஜெர்மனி முழுக்கப் பல காப்பகங்கள் இடம் கொடுத்து உதவின, ஆனால் அதனாலேயே ஒரே கட்டின் பாதி ஒரு ஊரிலும் மீதி இன்னொரு ஊரிலும் போய்ச் சேர்ந்தது. 200 பேர் வேலை செய்தாலும் சீரமைக்க 30 வருஷம் ஆகும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். முன்பு அங்கே போய் நகல் எடுத்து வைத்திருந்த ஆய்வாளர்களிடம், அந்த நகல்களை இணையத்தில் ஏற்றித் தாருங்கள் என்றும் கேட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

கேள்வி: சாதாரண ஆள் அங்கே போய்ப் பார்க்க முடியுமா? (அதே நாகர்கோவில் வாசகர்)

பதில்: முடியும். 2021 செப்டம்பரில் அய்ஃபல்வால் என்ற இடத்தில் புதுக் கட்டடம் திறந்துவிட்டார்கள், வாசிப்பு அறையும் இருக்கிறது. அரசு அலுவலகக் கோப்புகள் பொதுவாக 30 ஆண்டு கழித்துத் திறக்கும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு வேறு கணக்கு: ஜெர்மன் சட்டப்படி பிறப்புப் பதிவேடு 110 ஆண்டும், திருமணப் பதிவேடு 80 ஆண்டும், இறப்புப் பதிவேடு 30 ஆண்டும் பதிவு அலுவலகத்தில் இருந்துவிட்டு, பிறகுதான் காப்பகத்துக்கு வரும். போவதற்கு முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்கிற கட்டு இன்னும் சீரமைப்பு மேசையில் இருக்கக்கூடும்.