கட்டுரையை வெட்டி அட்டவணையில் போடலாமா?

கேள்வி: எங்கள் விவசாய மாத இதழின் 10 வருடக் கட்டுரைகள் எக்ஸ்எம்எல் (உரைக்குள்ளேயே பெயர்க் குறிகள் இடும் வடிவம்) கோப்புகளாகக் கிடக்கின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றப் போகிறோம். முழுக் கட்டுரையையும் ஒரே இடத்தில் போடுவதா, பத்தி பத்தியாகப் பிரிப்பதா ஐயா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பிரிக்காதீர்கள் தம்பி. 2005-இல் ஈரோட்டில் ஒரு விவசாயப் பத்திரிகைக்காக நான் பிரித்தேன். அப்போது எங்களிடம் இருந்த தரவுத்தளத்தில் எக்ஸ்எம்எல்லை அப்படியே வைக்கும் தரவு வகையே கிடையாது. மஞ்சள் கட்டுரையில் உர அளவு பற்றி இப்படி ஒரு வரி:

<ரகம்>பிஎஸ்ஆர்-2</ரகம்> நட்ட வயலுக்கு இந்த அளவு போதும்.

ரகத்தின் பெயர் ஒரு அட்டவணைக்கும், மிச்ச வாக்கியம் இன்னொன்றுக்கும் போனது. இரண்டையும் சேர்க்க வரிசை எண். நடுவில் ஆசிரியர் ஒரு பத்தி சேர்த்தார், எண்கள் நகர்ந்தன. பிஎஸ்ஆர்-2 இருந்த இடத்தில் பிரதிபா என்ற வேறு மஞ்சள் ரகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முந்தைய இரவு பிழை திருத்துபவர் பார்த்துச் சொன்னார். பார்க்காமல் விட்டிருந்தால் தோட்டத்துக்காரர்கள் அந்த உர அளவை நம்பி வேறு ரகத்துக்குப் போட்டிருப்பார்கள். இன்றும் நினைத்தால் பதறுகிறது.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் 2003-லேயே எக்ஸ்எம்எல் வகை வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் 2008-இல், 8.3 பதிப்பில் அதைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. கட்டுரையை முழுசாக அட்டவணையின் ஒரு எக்ஸ்எம்எல் நெடுவரிசையில் வையுங்கள். வாக்கியத்துக்குள் இருக்கும் ரகக் குறி இருந்த இடத்திலேயே இருக்கும். வேண்டியதை எக்ஸ்பாத் என்ற தேடும் மொழி கொண்டு எடுக்கலாம். 10-ஆம் பதிப்போ அதற்கு மேலோ இருந்தால் எக்ஸ்எம்எல்டேபிள் என்ற கட்டளை அதையே அட்டவணை வரிசைகளாகக் கொடுத்துவிடும். குறியின் பெயர் தமிழில் இருப்பதும் தடையில்லை, தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும்.

ஆனால் தலைப்பு, இதழ் தேதி, பயிர், எழுதியவர், இவற்றைச் சாதாரண நெடுவரிசைகளாகவும் வெளியே எடுத்து வையுங்கள். போஸ்ட்கிரெஸின் எக்ஸ்எம்எல் வகைக்கு ஒப்பிடும் வசதி கிடையாது, அதனால் அந்த நெடுவரிசையின் மேல் நேராக இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போட முடியாது. தினமும் "மஞ்சள், 2019" என்று தேடுகிறவருக்காக ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டுரைகளையும் திறந்து பார்க்கவிடுவது தேவையா, சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு குறி மூடாமல் இருந்தால்கூட அந்தக் கோப்பை போஸ்ட்கிரெஸ் உள்ளே விடாது. முதலில் ஒரு வருட இதழ்களை மட்டும் ஏற்றுங்கள். திரும்பி வரும் கோப்புகளைத் தனியாக வைத்து, பிழை திருத்துபவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள்.