ராகவாரியாகப் பாட்டுகளை அடுக்க

கேள்வி: கணினியில் சேர்த்து வைத்திருக்கும் கச்சேரிப் பதிவுகள் பலவும் ‘டிராக் 01’ என்றே தெரிகின்றன. ராகவாரியாகப் பிரிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பாட்டின் பெயர், பாடகர், ஆண்டு போன்ற விவரங்களாக எம்பி3 கோப்புக்குள் பதிந்திருக்கும் ஐடி3 குறிப்புகளைத் திருத்த வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்னும் இலவச மென்பொருள் ஒலியின் கைரேகையைக் கொண்டே பாட்டை அடையாளம் காணும் என்றாலும், ரசிகர்கள் தாமே பதிவு செய்த கச்சேரிகள் அதன் தரவுத்தளத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றுக்கு, இந்தக் குறிப்புகளை நாமே எழுத உதவும் எம்பி3டேக் மென்பொருளே கைகொடுக்கும். ஒரு கச்சேரியின் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, பாடகர், ஆண்டு ஆகியவற்றை ஒரே தடவையில் நிரப்பிவிடலாம். ராகத்துக்கெனத் தனிக் கட்டம் இல்லாததால், அதை ‘ஜானர்’ (இசைவகை) கட்டத்தில் எழுதுவதே என் சிபாரிசு. ஆனால் ஓரிடத்தில் தோடி என்றும் வேறிடத்தில் ஹனுமத்தோடி என்றும் எழுதினால், ஒரே ராகம் இரண்டு தொகுப்பாகப் பிரிந்துவிடும். வேலையைத் தொடங்குமுன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.