‘ஹவுஸ்கீப்பிங்’ நாவலின் சில்வி விடுதலை பெற்றவளா, துக்கத்தில் உடைந்தவளா?

இரண்டும்தான். மெரிலின் ராபின்சனின் இந்த நாவலில் (1980) சில்வியின் அப்பா ரயிலோடு ஏரியில் மூழ்கினார். அக்கா ஹெலன் காரோடு அதே ஏரிக்குள் பாய்ந்தாள். ஹெலனின் பிள்ளைகள் ரூத், லூசிலைப் பார்த்துக்கொள்ள வரும் இந்தச் சித்தி, விளக்குப் போடாமலே சாப்பாடு போடுகிறாள். ஒருநாள் லூசில் விளக்கைப் போட்டதும் பாதி எரிந்த திரைச்சீலை கண்ணில் படுகிறது. அந்தத் தீயை சில்வி அடித்து அணைத்தது ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ பத்திரிகையால்! (ராபின்சனுக்குக் குறும்பு அதிகம்.)

அப்புறம் லூசில் ஆசிரியை வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஊரார் ரூத்தையும் பிரிக்கப் பார்க்க, சித்தியும் அவளும் வீட்டுக்குத் தீவைத்துவிட்டு இரவோடு இரவாக ரயில் பாலத்தைக் கடக்கிறார்கள். இதைச் சுதந்திரம் என்று மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. லூசில் தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்தாள். ரூத்துக்கோ சித்தியை விட்டால் வேறு யாருமில்லை.