ஒரே போன், இரண்டு சிம்: ஒன்றில் மட்டும் 5ஜி வருவது ஏன்?

கேள்வி: 2021-இல் வாங்கிய 5ஜி போன் வைத்திருக்கிறேன். ஏர்டெல் சிம்மில் 5ஜி கிடைக்கிறது. ஜியோ சிம்மில் 4ஜி மட்டுமே. போன் பழுதா? புதிதாக வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 4ஜியிலிருந்து 5ஜிக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது இவ்விரு நிறுவனங்களும் ஆளுக்கொரு வழியில் இறங்கின. ஏர்டெல் எடுத்தது ‘என்எஸ்ஏ’ எனப்படும் சார்பு முறை. இதில் போன் முதலில் 4ஜி டவருடன்தான் இணைகிறது. கட்டுப்பாட்டுச் செய்திகள் அவ்வழியே போய்வர, டேட்டாவைச் சுமக்க 5ஜி அலைவரிசை துணைக்குச் சேர்கிறது. இருக்கும் கட்டமைப்பின் மீதே எழுப்புவதால் வேலை விரைவாக முடியும். ஜியோ எடுத்தது ‘எஸ்ஏ’ எனும் தனித்த முறை. டவரும் அதன் பின்னுள்ள மைய வலையமைப்பும் முழுக்க 5ஜியே.

உங்கள் போனில் மோடம் (டவருடன் தொடர்புகொள்ளும் சில்லு) இரண்டு முறைகளையும் அறிந்திருந்தாலும், தயாரிப்பாளர் மென்பொருளில் திறந்துவிட்டால்தான் தனித்த முறை இயங்கும். ஆகவே முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். 2016-இல் ஜியோ வந்தபோதும் இப்படித்தான், கையில் 4ஜி போன் இருந்தும் வோல்ட்இ (4ஜி வழியே குரல் அழைப்பு பேசும் வசதி) இல்லாததால் அதில் நேரடியாகப் பேச முடியாமல் பலர் தவித்தார்கள்.

அடுத்தது அலைவரிசை. இரு நிறுவனங்களுக்கும் பொதுவானது 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலுள்ள ‘என்78’. வேகம் மிகுதி, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது வெகுவாகத் தளர்ந்துவிடும். ஜியோ 2022 ஏலத்தில் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் (சேவைப் பகுதிகள்) 700 மெகாஹெர்ட்ஸையும் (‘என்28’) வாங்கியது. இதன் அலைநீளம் ஏறத்தாழ ஒரு முழம். வீட்டின் உள்ளறை வரை எட்டும். வட்டத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் என்பதால் அதில் பெரிய வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

திரையிலுள்ள 5ஜி குறியை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். சார்பு முறையில், சன்னலருகே 5ஜியில் வந்த டேட்டா சமையலறைக்குள் போனதும் 4ஜிக்கு மாறியிருக்கும். குறி மட்டும் அப்படியே நிற்கக்கூடும். இரண்டு இடங்களிலும் வேகத்தைச் சோதித்தால் உண்மை விளங்கும்.

தனித்த முறைதான் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. புதிய போன் வாங்கும்போது விவரக்குறிப்பில் எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும், என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை 5ஜி கிடைக்கும் சிம்மையே டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல போனை மாற்ற வேண்டியதில்லை.